உழவுக் கொப்பியும் பைத்தனும்

கேள்வி: மல்லாவியில் உழவு மெசின் வைத்துத் தொழில் செய்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. விதைப்பு முடிந்தால் பின்னேரங்களில் வேலை குறைவு. மகன் விட்டுப்போன பழைய லப்டொப்பில் விண்டோஸ் 7 இருக்கிறது. பொழுதுபோக்காக ப்ரோகிராமிங் பழக ஆசை. பைத்தன், ஜாவாஸ்கிரிப்ட், லுவா என்று ஆளுக்கொரு ப்ரோகிராமிங் மொழி சொல்கிறார்கள். எதில் தொடங்கலாம்?

பதில்: பைத்தனில் தொடங்குங்கள் அண்ணை. மற்ற இரண்டும் குறைந்தவை அல்ல. இணையப் பக்கம் செய்கிறவருக்கு ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும். லுவா பெரும்பாலும் கேம் போன்ற வேறொரு மென்பொருளுக்குள் இருந்து வேலை செய்வது. உங்களிடம் இருப்பது யாருக்கு எத்தனை ஏக்கர் உழுதீர்கள் என்ற கொப்பிக் கணக்கு. அதற்குப் பைத்தன் தாராளம்.

விண்டோஸ் 7 இல் பைத்தன் 3.8 வரைதான் ஏறும். அதையே போடுங்கள், பழகுவதற்கு ஒரு குறையும் இல்லை. எழுதிப் பார்க்க ஐடில் என்பதும் கூடவே வரும். போட்ட பிறகு சிக்னல் இல்லாவிட்டாலும் கவலையில்லை. யாராவது பைத்தன் 2 புத்தகம் தந்தால் வாங்கி அலுமாரியில் வையுங்கள்; அதன் காலம் 2020 உடன் முடிந்துவிட்டது.

கம்பனிச் சம்பளக் கணக்கை வைத்துச் சொல்லித்தரும் வீடியோக்கள் எனக்குப் பிடிப்பதில்லை. உங்கள் உழவுக் கொப்பியை எடுங்கள்: பெயர், ஊர், ஏக்கர், பாக்கி. ஒருவருடைய இரண்டு வயல்களின் ஏக்கரைக் கேட்டுக் கூட்டுகிற நாலு வரி எழுதுங்கள். 2, 3 என்று கொடுத்தால் விடை 23 என்று வரும்! நீங்கள் தட்டுவதை வாங்கும் இன்புட் என்ற கட்டளை தருவது எண் அல்ல, எழுத்து. எழுத்தைக் கூட்டினால் பக்கத்தில் ஒட்டிவிடும். எழுத்தை முழு எண்ணாக மாற்றும் இன்ட் போட்டால் 5 வரும். அப்புறம் இரண்டரை ஏக்கர்க்காரர் வருவார். 2.5 என்றதும் சிவப்பு எழுத்தில் பிழை காட்டி நின்றுவிடும். அங்கே புள்ளி வைத்த எண்ணையும் ஏற்கும் ஃப்ளோட் வேண்டும். எங்கள் பக்கத்தில் அரை ஏக்கர் இல்லாத கணக்கு ஏது, அதனால் முதலிலிருந்தே ஃப்ளோட் போடுவது நல்லது.

அடுத்து ஊர்ப் பெயர்களை அகர வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். பரந்தனுக்கு முன்னால் பனங்காமம் வந்து நிற்கும். பைத்தன் பார்ப்பது யூனிகோட் எண்ணை, அதாவது கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்ணை. அந்த அட்டவணையில் ‘ன’ நம் நெடுங்கணக்கின் கடைசியில் இல்லை, ‘ந’வுக்கு அடுத்து இருக்கிறது. முறிகண்டி எத்தனை எழுத்து என்று கேட்டால் ஐந்து என்று சொல்லாது, ஒன்பது என்னும். விசிறி, கொக்கி, புள்ளி எல்லாம் அதற்குத் தனித்தனி. பெயர்ப் பட்டியலை நேராக நிறுத்தப் போகும்போது இது உங்களைச் சுற்றவிடும். ஆனால் இதைச் சரிசெய்ய மினக்கெடுகிற பின்னேரங்களில்தான் பைத்தன் உண்மையாகப் பிடிபடும். நம் நெடுங்கணக்கை ஒரு பட்டியலாகக் கொடுத்து, அதன்படி அடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மகளுக்கும் ஆசை, ஆனால் எங்களிடம் போன் மட்டுமே. முடியுமா? (புதுக்குடியிருப்பு வாசகி)

பதில்: முடியும் அக்கா. அன்ட்ரொய்ட் போனில் டேர்மக்ஸ் என்ற அப்பைப் போட்டு அதற்குள் பைத்தனை இறக்கலாம். கஷ்டம் தட்டுவதில்தான். பைத்தனில் வரியின் முன்னால் விடும் இடைவெளிக்கும் பொருள் உண்டு. சின்னத் திரையில் அதை எண்ணி விடுவதற்குள் பிள்ளைக்குச் சலித்துவிடும். சாதாரண யூஎஸ்பி கீபோர்ட் ஒன்றை ஓடிஜி வயரில் மாட்டிக் கொடுங்கள். போன் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.