ஆற்றில் வந்தேறிய தூண்டில் மீன்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் ஆற்றில் ஒருவருக்குப் பெரிய ஸ்மால்மவுத் பாஸ் (வட அமெரிக்காவைச் சேர்ந்த வேட்டை மீன்) மாட்டியது. அது இங்கே பரவிவிட்டது என்று சொல்லலாமா?

பதில்: ஒரு பெரிய மீனை வைத்துச் சொல்ல முடியாது. யாராவது கொண்டுவந்து விட்டிருக்கலாம். நான் முதலில் தேடுவது குஞ்சுகளைத்தான். கரையோரத் தேக்கங்களில் விரல் நீளக் குஞ்சுகள் வலையில் வந்தால் அங்கேயே முட்டையிட்டுப் பெருகுகிறது என்று அர்த்தம்.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் 2022-இல் நடந்தது அதுதான். கிளென் கேன்யன் அணைக்குப் பின்னால் தேங்கும் பவல் ஏரியின் நீர்மட்டம் இறங்கியதால், அணை நீர் எடுக்கும் வாய்கள் மேல்பரப்பின் வெதுவெதுப்பான நீருக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. அந்த நீரோடு பாஸ் மீன்களும் விசையாழி வழியே அணைக்குக் கீழே போய்ச் சேர்ந்தன. இந்த மீன் முட்டையிடச் சுமார் 16 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதுவும் கிடைத்துவிட்டது. அந்தக் கோடையிலேயே குஞ்சுகள் அகப்பட்டன. கீழே கிராண்ட் கேன்யனில் வாழும் ஹம்ப்பேக் சப் என்ற மீன் உலகில் வேறு எந்த ஆற்றமைப்பிலும் கிடையாது; பாஸ் அதைத் தின்றுவிடும். அதை நினைத்தால் எனக்கு இன்னும் பதறுகிறது. பாஸ் முட்டையிடாமல் தடுக்க, 2024-இல் அணையின் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீரைக் கலந்து விட்டார்கள். ஆகவே மீனைத் தேடும் இடத்தில் தண்ணீரின் வெப்பத்தையும் தவறாமல் குறித்துவையுங்கள்.

கேள்வி: தண்ணீரை வடிகட்டி, மீன் அதில் உதிர்த்த டிஎன்ஏ (மரபணுப் பொருள்) இருக்கிறதா என்று பார்த்தால் போதாதா?

பதில்: மீன் குறைவாக இருக்கும்போது அது அருமையான வழி. ஆனால் டிஎன்ஏ மேலே இருந்து அடித்துவரப்பட்டிருக்கலாம், பறவை எச்சத்தில்கூட வரலாம். மீன் உயிரோடு இருக்கிறதா, எத்தனை வயது என்பதெல்லாம் தெரியாது. அப்புறம் வலையோடு இறங்கித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: தானாக நீந்தி வந்ததா, ஆள் கொண்டுவந்து விட்டதா என்று தெரியுமா சார்?

பதில்: பல நேரம் தெரியும். மீனின் தலைக்குள் காதுக்கல் இருக்கிறது. அதை மெல்லியதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தண்டு போல வளையங்கள் தெரியும். பிறந்த நீரில் கரைந்திருந்த ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் நடு வளையத்திலும், பிறகு வாழ்ந்த நீரினுடையது வெளி வளையங்களிலும் பதிந்திருக்கும். இரண்டு நீர்களின் வேதியியல் வேறாக இருந்தால் மீன் எப்போது இடம் மாறியது என்றுகூடச் சொல்லலாம்.

கேள்வி: தூண்டில் போடும் நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: அளவுகோல் பக்கத்தில் வைத்து, வாயை மூடி, பக்கவாட்டில் படம் எடுங்கள். மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் அது ஸ்மால்மவுத் அல்ல, அதன் உறவு மீனான லார்ஜ்மவுத் பாஸ். தேதி, இடம் எழுதுங்கள். சரி, ஒன்றுமே மாட்டாத நாளையும் எழுதுங்கள், எத்தனை மணி நேரம் போட்டீர்கள் என்பதோடு. அது இருந்தால்தான் மீன் எந்த ஆண்டு வந்தது என்று கணிக்க முடியும்.