வீட்டில் எந்தப் பிளாஸ்டிக்கை முதலில் மாற்றுவது?

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எல்லாப் பிளாஸ்டிக்கையும் தூக்கிப் போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். சூடும் எண்ணெயும் படுகிறவற்றை முதலில் மாற்றுங்கள், அதுவே பெரிய வேலை.

சூடு ஏற ஏற, பிளாஸ்டிக்கில் உள்ள பிஸ்பீனால், தாலேட் போன்ற வேதிப்பொருள்கள் உணவில் இறங்குவது கூடும். எண்ணெய்ப் பதார்த்தம் என்றால் தாலேட் இன்னும் எளிதாகக் கலக்கும். சிங்கப்பூர்த் தேக்கா கடைகளில் கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரைப் பையில் கட்டி வாங்கி வருகிறோமே, எனக்கு அதுதான் பெரிய கவலை. எவர்சில்வர் தூக்குச்சட்டி ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். நான் கேட்ட கடைகளில் முகம் சுளிக்காமல் ஊற்றித் தந்தார்கள்.

டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள், அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று சொல்லும் ஓர் எண் இருக்கும். 3 பிவிசி, 6 பாலிஸ்டைரீன். 7 என்பது மற்ற வகைகள். பிஸ்பீனால் உள்ள பாலிகார்பனேட்டும் அதில் அடங்கும். இவற்றில் சூடாக எதையும் போடாதீர்கள். 5 எண் போட்டது சூடு தாங்கும், ஆனாலும் மைக்ரோவேவில் நான் கண்ணாடிப் பாத்திரம்தான் வைப்பேன். பழைய டப்பாக்களை வீசாமல் ஊசி, நூல், பொத்தான் போட்டு வைக்கலாம்.

குழந்தைக்குக் கண்ணாடிப் பால்புட்டி நல்லது. அப்புறம், சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். போத்தல் தண்ணீர் வாங்கத் தேவையில்லை.