எந்த வால்வு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜொகூர் ரெங்கம் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருக்கிறேன். கச்சா எண்ணெய் லைனில், எண்ணெயைத் தெளியவைக்கும் கிளாரிஃபயருக்குப் போகும் வழியில், நாலு இஞ்ச் பட்டர்ஃபிளை வால்வு (வட்டத் தட்டு திரும்பி அடைப்பது) ஒன்று இருக்கிறது. புதிதாகப் போட்ட சில மாதங்களிலேயே கைப்பிடி இறுகிப்போகிறது. அடைத்தாலும் ஒழுகுகிறது. மாற்றினால் மறுபடி அதே கதை. சப்ளையர் ஸ்டெயின்லெஸ் போடச் சொல்கிறார். எங்கள் ஃபோர்மன் அண்ணன் தகடு மேலும் கீழும் இறங்கி அடைக்கும் கேட் வால்வுதான் நிற்கும் என்கிறார். ஸ்டோரில் ஒரு பால் வால்வு (துளையிட்ட உருண்டை திரும்பி அடைப்பது) சும்மா கிடக்கிறது, அதையே மாட்டு என்கிறார் ஸ்டோர் கிராணி (குமாஸ்தா). யார் சொல்வதைக் கேட்பது? என் பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

மூன்று பேரும் வால்வின் உடம்பைப் பற்றியே பேசுகிறார்கள். நீங்கள் எழுதியிருக்கும் இறுக்கம், ஒழுகல் இரண்டுமே உள்ளே இருக்கும் சீட்டின், அதாவது தட்டு உட்கார்ந்து அடைக்கும் வளையத்தின் கோளாறு. கழற்றிய பழைய வால்வு ஸ்கிராப் குவியலில் கிடந்தால் எடுத்துத் துடைத்துப் பாருங்கள். உள்வட்டத்து ரப்பர் உப்பி, நகத்தால் அழுத்தினால் மெத்தென்று இருக்கிறதா? தட்டு வந்து உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்து மணல் பதிந்திருக்கிறதா?

உப்பியிருந்தால் அது அநேகமாக இபிடிஎம் ரப்பர். வெந்நீருக்கும் நீராவிக்கும் நன்றாக உழைக்கும். எண்ணெய் பட்டால் உறிஞ்சிக்கொண்டு ஊதிவிடும், தட்டைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் லைனுக்கென்று கடையில் கிடைக்கும் பட்டர்ஃபிளை வால்வுகளில் இந்த ரப்பர் சர்வ சாதாரணம். எண்ணெய்க்கு ஏற்ற நைட்ரைல் ரப்பரும் கறுப்புதான் என்பதால் பார்த்துப் பிரிக்க முடியாது, வால்வில் இருக்கும் தகட்டைப் படிக்க வேண்டும். தகட்டின் மேலேயே பெயின்ட் அடித்து வைப்பது நம் ஆலைகளின் தனிக் கலை. ஸ்டெயின்லெஸ் உடம்புக்குள் அதே இபிடிஎம்மை வைத்துக் கொடுத்தால் காசுதான் கூடும், ஆயுசு கூடாது.

சரி, நைட்ரைல் கேட்டு வாங்கிவிடலாமா? உங்கள் லைனில் ஓடுவது 90 டிகிரியைத் தொட்ட எண்ணெய். நைட்ரைலுக்கு அது கிட்டத்தட்ட எல்லை. போகப்போக விறைத்து வெடிப்பு விடும். விட்டான் என்ற இன்னொரு ரப்பர் இந்தச் சூட்டை எண்ணெயோடு சேர்த்தே தாங்கும். ஆனால் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. ஆலை நிற்கும் நாளில் அந்த லைனை ஸ்டீம் விட்டு ஊதுவீர்கள்தானே? செம்பனை எண்ணெய் ஆறினால் கட்டிக்கொள்ளும், ஊதாமல் முடியாது. 3 பார் ஸ்டீம் என்றால் சுமார் 143 டிகிரி. சாதாரண விட்டான் காய்ந்த சூட்டைத் தாங்குமே தவிர, நீராவியில் சீக்கிரம் கெட்டுப்போகும். நைட்ரைல் இன்னும் மோசம். ஆக, எண்ணெய்க்கு ஏற்ற ரப்பரை ஓய்வு நாளில் ஸ்டீம் தின்றுவிடும், ஸ்டீமுக்கு ஏற்றதை வேலை நாளில் எண்ணெய் தின்றுவிடும். ஆர்டர் தாளில் 'எண்ணெய், 90 டிகிரி' என்று மட்டும் எழுதியிருந்தால் சப்ளையர் என்ன செய்வார், பாவம். எப்போதோ கொஞ்ச நேரம் வந்துபோகும் ஸ்டீமையும் எழுதிக் கொடுங்கள்.

எண்ணெய், ஸ்டீம் இரண்டையும் தாங்குவது டெஃப்லான். ஸ்டோரில் கிடக்கும் பால் வால்வில் பெரும்பாலும் டெஃப்லான் சீட்தான் இருக்கும். அப்படியானால் கிராணி ஜெயித்துவிட்டாரா என்றால், மணல் இருக்கிறதே. பழக்குலையோடு தோட்டத்து மண்ணும் ஆலைக்குள் வருகிறது, பிரஸ் பிழியும்போது அது எண்ணெயோடு இறங்குகிறது. உருண்டைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் போய்த் தங்கி, திருப்பும்போதெல்லாம் சீட்டைக் கீறும்.

அதனால் என் பதில் உங்கள் வால்வு மணல் தொட்டிக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பின்னால் என்றால், அந்தத் தொட்டியின் அடி மண்ணை ஷிப்டு தவறாமல் திறந்துவிடும் ஆட்கள் இருந்தால், டெஃப்லான் சீட் வைத்த முழுத் துளை (துளை குழாய் அளவே இருக்கும்) பால் வால்வு போடுங்கள். முன்னால் என்றால் உலோக சீட் வைத்த நைஃப் கேட், அதாவது கத்திபோல மெல்லிய தகடு இறங்கி அடைக்கும் வால்வு. அது கொஞ்சம் கசியும், கசியட்டும். கசிகிற எண்ணெயும் அதே கிளாரிஃபயருக்குத்தான் போகிறது. ஆனால் அந்த வால்வை அடைத்துவிட்டுத்தான் பம்பைக் கழற்றுவீர்கள் என்றால் பேச்சே வேறு. கொதிக்கிற எண்ணெய்க்கு எதிரே ஆள் நிற்கும் இடம் அது. இரண்டு வால்வு, நடுவில் ஒரு வடிகால் என்று கேளுங்கள். மேலாளர் செலவு என்று முனகினாலும் விடாதீர்கள்.

பட்டர்ஃபிளையோ பாலோ, பாதி திறந்து வைத்து ஓட்டத்தைக் குறைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். இடுக்கில் வேகம் பிடித்த மணல் சீட்டை அரித்துவிடும்.

ஃபோர்மன் அண்ணனைக் குறைத்து எடைபோடாதீர்கள். அவர் சொல்வது ஸ்டீம் மெயினுக்கு நூறு சதம் சரி. கேட் வால்வைப் பல சுற்று சுற்றித்தான் திறக்க முடியும், அதற்குள் குழாய் சூடேறி, தேங்கிய தண்ணீர் வடிந்துவிடும். கால் சுற்றில் திறக்கும் வால்வை அங்கே போட்டு ஒருவர் சட்டென்று இழுத்தால் குழாயே அதிரும். ஆனால் மணல் எண்ணெயில் கேட்டின் அடிப்பள்ளம் நிரம்பிவிடும், தகடு கீழே போய் உட்காராது. ஸ்டீமைக் குறைத்து விட வேண்டிய இடத்திலும் கேட் வேண்டாம், ஓட்டத்தைக் கட்டுப்படுத்தவே செய்த குளோப் வால்வு போடுங்கள். வால்வின் உடம்பில் 150 என்று இருப்பது கிளாஸ் என்ற அழுத்தத் தரம், அதை 150 பிஎஸ்ஐ என்றும் நினைக்க வேண்டாம். சாதாரண வார்ப்பு எஃகில் கிளாஸ் 150 வால்வு ஆறிய நிலையில் 285 பிஎஸ்ஐ, அதாவது 19.6 பார் தாங்கும். 200 டிகிரியில் அது 13.8 பாருக்கு இறங்கிவிடும். பாய்லர் 20 பாரில் ஓடினால் அந்த ஸ்டீம் லைனுக்குக் கிளாஸ் 300தான்.

இன்னொன்று, சாம்பிள் எடுக்கும் இடத்தில் சின்னப் பித்தளை வால்வு இருந்தால் மாற்றிவிடுங்கள். அதிலுள்ள செம்பு எண்ணெயைச் சீக்கிரம் சிக்கு பிடிக்க வைக்கும்.

ஆர்டர் கொடுக்கும் முன் ஃபிளாஞ்சை (வால்வைக் குழாயோடு போல்ட் போட்டுச் சேர்க்கும் விளிம்பை) அளந்துகொள்ளுங்கள். நம் பழைய ஆலைகளில் எல்லாம் கலந்து கிடக்கும். நாலு இஞ்சுக்கு ஜப்பான் 10கே, பிஎன்16, டேபிள் ஈ, கிளாஸ் 150 என்ற ஃபிளாஞ்ச் தரங்கள் எல்லாவற்றிலும் எட்டு ஓட்டைதான். ஆனால் ஓட்டை வட்டத்தின் விட்டம் முறையே 175, 180, 178, 190.5 மில்லிமீட்டர். எதிரெதிர் ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, மணல் தொட்டி எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.