வகுப்பில் மேசை கதிரையை மாற்றிப் போட்டால் பிள்ளைகள் சேர்ந்து படிப்பார்களா?

கேட்டவர் பத்தாம் பதினோராம் தரத்துக்குப் படிப்பிக்கிறவர். விரும்பியபடி உட்காரும் முறையும் குழுக் கற்றலும் வசதி குறைந்த பள்ளிக்கூடத்தில் சரிவருமா என்று கேட்டிருக்கிறார். நான் வன்னியில், கிளிநொச்சிப் பக்கம் புவியியல் படிப்பிக்கிறேன். சரிவரும். ஆனால் கதிரையில் தொடங்காதீர்கள், வேலையில் தொடங்குங்கள்.

2007இல் பாடத்திட்டம் மாறி, பிள்ளைகள் தாங்களே தேடிக் கற்கும் பைவ்-ஈ (5E) முறை வந்ததிலிருந்து இங்கே குழுவேலை புதிதில்லை. நடப்பது என்ன? கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று பிரிஸ்டல் போர்ட்டில் எழுதும், மற்ற நாலு பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வட்டமாக இருந்தாலும் அது தனி வேலைதான்.

இதை மாற்றியது ஜிக்சோ முறை. அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரத்தில் வெள்ளை, கறுப்பு, லத்தீன் பிள்ளைகள் முதன்முதலாக ஒரே வகுப்பில் இருந்து முட்டிக்கொண்ட நேரம், 1971இல் எலியட் அரன்சன் என்ற உளவியலாளர் கொண்டுவந்தது. பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கு ஒன்று கொடுப்பது. ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் ஒன்றாக இருந்து அதை விளங்கிக்கொள்வார்கள். பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். யாராவது வாய் திறக்காவிட்டால் குழுவுக்கே அந்தத் துண்டு இல்லை.

நான் எங்கள் பக்கத்து இரணைமடுக் குளத்தைப் பற்றிய பாடத்தை ஐந்தாகப் பிரித்தேன்: குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் கனகராயன் ஆறு, வாடைக்காற்று மழை, வான்கதவுகள், வாய்க்கால்கள், சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெல்லுக்கு, தண்ணீர்ப் பங்கீடு. கடைசித் துண்டு கிடைத்தவர்களில் ஒருத்தி வகுப்பில் பேசவே மாட்டாள். கொப்பியைப் பார்த்து இரண்டு வரி வாசித்தாள், பிறகு அதை மூடிவிட்டாள். “எல்லாருக்கும் விதைக்கத் தண்ணி காணாது. அதால ஏக்கர் பார்த்துப் பிரிப்பினம். எங்கட காணி வாய்க்கால் கடைசியில. போன சிறுபோகம் அப்பா விதைக்கேல்ல” என்றாள். பக்கத்தில் இருந்த பெடியன் “அப்ப என்ன செய்தனீங்கள்?” என்று கேட்டான். அந்தக் கேள்வியை நான் கேட்டிருந்தால் அவள் தலையைக் குனிந்திருப்பாள். அவனுக்குப் பதில் சொன்னாள், நெடுநேரம் சொன்னாள். நான் கிட்டப் போகவில்லை.

இனித் தளபாடம். பாடவேளை வீணாகாமல் இரண்டு நிமிடத்துக்குள் இடம் மாற முடியவேண்டும். நீட்டு வாங்குகளை நாங்கள் அசைப்பதில்லை, முன்வரிசைப் பிள்ளைகள் பின்பக்கம் திரும்பி இருந்தாலே குழு வந்துவிடும். கதிரை இழுக்கும் சத்தம் அரைச்சுவர் தாண்டி அடுத்த வகுப்பைக் குழப்பியது. பிள்ளைகளே பழைய சைக்கிள் ரியூப்பைத் துண்டு துண்டாக வெட்டிக் கதிரைக் கால்களில் மாட்டினார்கள், சத்தம் அடங்கியது. அரைச்சுவரை மேசையாக்கி நின்றபடி எழுதுகிறவர்களும் உண்டு. விடியவே எழும்பித் தூரத்திலிருந்து சைக்கிளில் வருகிற பிள்ளைகள் அவர்கள், இருந்தால் கண் சொருகிவிடும். மத்தியானத்தில் தகரக் கூரை கொதிக்கும்போது பாயோடு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவோம்.

ஆனால் கடந்தகால வினாத்தாள் செய்யும் நாளில் கட்டாயம் வரிசைதான். வனார்கா, ரூல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதைத்தான் கண்டார்கள்: தனியாகச் செய்யும் வேலைக்கு வரிசை நல்லது, எப்படி இருக்க வைப்பது என்பது பிள்ளைகள் செய்யும் வேலையைப் பொறுத்தது. சாதாரண தரப் பரீட்சையில் தனியாகத்தானே எழுதவேண்டும், அந்தப் பழக்கமும் வேண்டும்.

இன்னொன்று. எங்கே இருப்பது என்பதைப் பிள்ளைகளிடம் விடலாம், யாரோடு இருப்பது என்பதை ஒருபோதும் விடாதீர்கள். விட்டால் ஒரே ஊர்ப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்வார்கள், யாரும் கூப்பிடாத பிள்ளை ஒன்று மிஞ்சும். அந்தப் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்தபிறகு குழுவை நானே பிரிக்கிறேன், தவணைக்கு இரண்டு தரம் மாற்றுகிறேன்.

முதல் நாள் பாடம் முடியாது, சத்தமும் கூடும். எனக்கு மூன்றாம் தடவைதான் ஒழுங்காக வந்தது. தொடங்குவதற்கு முன் அதிபரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பக்கத்து வகுப்பு ரீச்சரிடமும்.