நிலம் கேட்டு எழுதிய மனு

அன்புள்ள ஐயா,

ஆஸ்திரேலியா, கனடா நாடுகளின் பூர்வகுடிகள் நடத்திய நில வழக்குகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் பத்திரப் பதிவுத் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மூலப்பத்திரம் இல்லாத சொத்தைத் தொடாதீர்கள் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். ஒரு மூதாட்டி பாடும் பாட்டை வைத்து நிலத்துக்கு உரிமை தர முடியுமா? நாளைக்கு யார் வேண்டுமானாலும் பாடலாமே. இன்னொன்று, இவர்கள் தேவாலயத்துக்குப் போகிறார்கள், ஆங்கிலம் பேசுகிறார்கள், கார் ஓட்டுகிறார்கள். பிறகு எந்த வகையில் இவர்கள் அதே மக்கள்?

ப. கே., தஞ்சாவூர்

அன்புள்ள ப. கே. அவர்களுக்கு,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கேள்வியால்தான் ஒரு மக்கள்கூட்டம் தன் வழக்கைத் தோற்றது.

ஆஸ்திரேலியாவில் மரே ஆற்றங்கரையில் வாழ்பவர்கள் யோர்ட்டா யோர்ட்டா மக்கள். 1881இல், மலோகா என்ற கிறித்தவ மிஷன் குடியிருப்பில் இருந்த 42 பேர் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநருக்கு ஒரு மனு எழுதினார்கள். எங்கள் எல்லைக்குள் இருந்த நிலம் முழுவதையும் அரசும் குடியேறிகளும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள், வேட்டையாடிய இடமெல்லாம் ஆட்டு மேய்ச்சலாகிவிட்டது, பயிர் செய்து பிழைக்கக் கொஞ்சம் நிலம் தாருங்கள் என்று கேட்டார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அவர்களுடைய வழித்தோன்றல்கள் நிலவுரிமை கோரி நீதிமன்றம் போனார்கள். 1998இல் தீர்ப்பளித்த நீதிபதி ஆல்னி, அந்த மனுவையே அவர்களுக்கு எதிரான சான்றாகக் கொண்டார். உழுது பிழைக்க நிலம் கேட்டவர்கள் மரபு வாழ்க்கையை அப்போதே விட்டுவிட்டார்கள் என்பது அவர் முடிவு. வரலாற்றின் அலை அவர்களுடைய மரபை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று எழுதினார். 2002இல் அந்நாட்டின் தலைமை நீதிமன்றமும் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் அதை உறுதி செய்தது.

முன்னோரின் மரபு இன்னது என்பதற்கு நீதிபதி பெரிதும் நம்பியது எட்வர்ட் கர் என்பவர் எழுதி வைத்தவற்றை. 1840களில் அதே நிலத்தில் ஆட்டுப்பட்டி போட்டு அமர்ந்த வெள்ளையர் அவர். இந்த மக்களுக்கு உணவைப் பேணிக் காக்கும் வழக்கம் கிடையாது என்று கர் எழுதியிருந்தார். அதனால், தேவைக்கு மேல் எடுக்கக் கூடாது என்று அவர்கள் இன்று காத்துவரும் நெறி முன்னோர் வழி வந்ததல்ல என்று ஆகிவிட்டது. அவர்கள் கூண்டில் ஏறித் தங்கள் பாட்டன் பாட்டியிடம் கேட்டதைச் சொன்னார்கள். நிலத்தை எடுத்துக்கொண்டவரின் எழுத்துக்குக் கிடைத்த எடை அதற்குக் கிடைக்கவில்லை.

ஒருவரை வீட்டிலிருந்து வெளியேற்றிக் கதவைப் பூட்டிவிட்டு, “இத்தனை வருடம் தொடர்ந்து அனுபோகத்தில் இருந்தாயா?” என்று கேட்பதை உங்கள் அலுவலகம் ஏற்குமா? உங்கள் தாத்தா குடுமி வைத்திருந்திருப்பார். நீங்கள் கிராப் வெட்டிக்கொண்டதால் வீட்டின் மீதான பாத்தியதை போய்விடவில்லை. மாறாமல் இருந்தால்தான் உரிமை என்ற நிபந்தனையை நம்மில் யாருக்கும் யாரும் விதித்ததில்லை.

இனி பாட்டுக்கு வருகிறேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிட்சான், வெட்சுவெட்டன் மக்கள் சுமார் 58,000 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு உரிமை கேட்டு 1984இல் வழக்குத் தொடுத்தார்கள். விசாரணை 374 நாட்கள் நடந்தது. மேரி ஜான்சன் என்ற குலத்தலைவி தன் குலத்தின் பாட்டைப் பாட முன்வந்தபோது, தனக்கு இசைக் காது இல்லை, பாடிப் பயனில்லை என்று நீதிபதி தடுக்கப் பார்த்தார். மேரி பாடினார். 1991இல் தீர்ப்பு எதிராக வந்தது.

யார் வேண்டுமானாலும் பாடலாமே என்கிறீர்கள். பாட முடியாது. அந்தப் பாட்டும் அதைச் சார்ந்த கதையும் ஒரு குலத்தின் உடைமை. பெரிய விருந்துகளில், மற்றக் குலங்களின் தலைவர்கள் சாட்சிகளாக அமர்ந்திருக்க, அவை சொல்லப்படும். எந்த ஓடை யாருடையது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதெல்லாம் அங்கே எல்லாருக்கும் தெரிந்தாக வேண்டும். பொய்யாகப் பாடினால் அந்தச் சபையிலேயே மறுப்பு எழும். முப்பத்தொரு ஆண்டுகள் நீங்கள் செய்த வேலை இதுவே அல்லவா? சாட்சிகளை வைத்துப் பதிவு செய்வதும், பதிந்ததைப் பின்னால் எவரும் கேட்டறிய வைப்பதும்.

அந்தக் கதைகளில் ஒன்று, ஒரு பெருங்கரடி ஏரிப் பக்கம் மரங்களை முறித்துக்கொண்டு பாய்ந்து வந்ததைச் சொல்கிறது. சீலி ஏரி அருகே ஆராய்ந்தவர்கள், சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் அங்கே பெரும் நிலச்சரிவு நடந்திருப்பதைக் கண்டார்கள். அதுவும் அந்த நீதிபதிக்குப் போதவில்லை. 1997 டிசம்பரில்தான் கனடா உச்ச நீதிமன்றம், வாய்மொழி வரலாற்றை ஆவணத்துக்கு இணையாக வைத்து எடைபோட வேண்டும் என்று சொல்லி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. பதின்மூன்று ஆண்டுகள் நீதிமன்றத்தில் நின்றவர்களுக்கு நிலத்தில் ஒரு அடிகூட அன்று கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அந்தத் தீர்ப்பு போட்ட பாதையில்தான், 2014இல் அதே மாகாணத்தின் சில்கோட்டின் என்ற பூர்வகுடி மக்கள் சுமார் 1,750 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு உரிமை பெற்றார்கள்.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி உண்டு. பழங்குடி என்பதற்கு 1965இல் மத்திய அரசின் லோகூர் குழு வைத்த அளவுகோல்களில் ஒன்று, வெளியாரோடு பழகக் கூச்சம். கல்லூரிக்குப் போகும் பெண் எந்தக் கூச்சத்தைக் காட்டிச் சாதிச் சான்றிதழ் வாங்குவாள்? பண்பாட்டு ஒற்றுமையை மட்டும் வைத்து இதை முடிவு செய்துவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் கூறியது எனக்குப் பெரிய ஆறுதல்.

நிலத்தைப் பொறுத்தவரை, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் அதன் விதிகளும் உங்கள் முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கின்றன. கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் எல்லாம் அங்கே சான்றுகள். கோரிக்கையாளர் அல்லாத முதியவர் சொல்வதை எழுத்தில் பதிந்தால் அதுவும் சான்று. இன்ன ஆவணம்தான் வேண்டும் என்று அதிகாரி அடம்பிடிக்கக் கூடாது என்று 2012 திருத்தம் சொல்கிறது. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதன்மேல் முறையீடு செய்யலாம்.

ஐயா, அந்த வாக்குமூலத்தை எல்லை பிசகாமல், தேதி பிசகாமல் எழுதத் தெரிந்தவர்கள் மலைக்கிராமங்களில் மிகக் குறைவு. உங்களுக்கு அது கைவந்த வேலை. பருவமழை முடிந்ததும் நேரம் கிடைத்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.