மழை புக்கிட் ரோத்தானில் பெய்தால் அணை நிறையுமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றித்தான். மற்றவற்றை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பெஸ்தாரி ஜெயாக்காரன். ஊர்ப் பெயர் மாறி ஆண்டுகள் பல ஆகியும் எங்கள் வாயில் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். தோட்டத்து லயத்தில் பிறந்தவன். சிலாங்கூர் ஆற்றங்கரையில் ஒரு நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் 27 ஆண்டு ஷிப்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். சிலாங்கூரும் கோலாலம்பூரும் குடிக்கும் தண்ணீரில் பாதிக்கு மேல் இந்த ஒரே ஆற்றிலிருந்துதான் போகிறது.

வாசகி, புக்கிட் ரோத்தான்: எங்கள் பக்கம் வாரத்தில் நான்கு நாள் சாயங்காலம் கொட்டித் தீர்க்கிறது. பாரிட் நிரம்பி ரோட்டில் ஓடுகிறது. ஆனால் அணையில் நீர் குறைகிறது, சிக்கனமாக இருங்கள் என்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டையும் நம்புங்கள் அம்மா. சிலாங்கூர் ஆறு பிரேசர் மலைப் பக்கம் பிறந்து, கோல குபு பாருவைத் தாண்டி, ரந்தாவ் பாஞ்சாங், எங்கள் ஊர் என்று இறங்கி, கோல சிலாங்கூரில் கடலில் சேர்கிறது. அணை இருப்பது கோல குபு பாருவுக்கு மேலே, மலையில். அந்த மலைக்காட்டில் விழும் மழைதான் அணைக்குள் போகும். உங்கள் ஊரில் விழுவது உங்கள் பாரிட் வழியாகக் கடலுக்குப் போய்விடும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. அந்த அணையிலிருந்து நேரே வீட்டுக்குக் குழாய் வருவதில்லை. அணை ஆற்றுக்குள் தண்ணீர் விடும். கீழே நாங்கள் ஆற்றிலிருந்து இறைப்போம். ஆறு தானாகவே நன்றாக ஓடும் நாளில் அணை தன் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆறு இளைத்தால் திறந்துவிடும். ஆகவே எங்கள் ஊருக்கு மேலே எங்கே பெய்தாலும் அணைக்கு அன்றைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். நீங்கள் இருப்பது நாங்கள் இறைக்கும் இடத்துக்குக் கீழே. உங்கள் மழை அதற்கும் உதவாது.

2014 பிப்ரவரி கடைசியில் பங்கீடு ஆரம்பித்தது. இரண்டு நாள் தண்ணீர் வரும், இரண்டு நாள் வராது. கோலாலம்பூரில் மழை பெய்த பிறகும் அது தொடர்ந்ததால் மக்களுக்குக் கோபம். நகரத்தில் குடை பிடித்து நடந்த சாயங்காலத்தில் ஆற்றங்கரையில் நட்டிருந்த எங்கள் அளவுகோலில் நீர் ஒரு விரல்கூட ஏறாமல் இருந்ததை நான் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன்.

இல்லத்தரசி, ரவாங்: தண்ணீர் வெட்டு என்றால் தோம்பு, பக்கெட், அண்டா எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறேன். டிங்கி வரும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழெட்டு நாள் போதும். முட்டை தண்ணீரில் மிதப்பதைவிடத் தோம்பின் உள்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதனால் காலியான தோம்பைக் கவிழ்த்து வைத்தால் மட்டும் போதாது, உள்பக்கத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பிடித்த நீரை இறுக்கமாக மூடுங்கள். மூடியில்லாத அண்டாவுக்கு மெல்லிய துணி கட்டினால் போதும்.

தண்ணீர் திரும்பி வரும்போது அவசரப்படாதீர்கள். காலியாகக் கிடந்த குழாயில் துரு கிளம்பி, முதலில் தேநீர் நிறத்தில் வரும். சமையலறைக் குழாய் பெரும்பாலும் வெளிக்குழாயிலிருந்து நேராக வருவது; முதலில் அதைத் திறந்து நிறம் பாருங்கள். தெளியும் வரை கூரைத் தொட்டிக்குப் போகும் வால்வை அடைத்து வையுங்கள். அந்தக் கலங்கல் நீர் கழிவறைக்கு ஆகும். அன்றைக்கு வாஷிங் மெஷின் மட்டும் போடாதீர்கள், பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிச்சட்டையில் துருக்கறை ஏறினால் போகாது.

இளைஞர், பெஸ்தாரி ஜெயா: ஐயா, நம் ஊரில் ஈயம் எடுத்த குட்டைகள் சும்மா கிடக்கின்றன. மண் கொட்டி நிரப்பி வீட்டுத் தாமான் கட்டினால் வேலை வரும், கடை வரும். போன இதழில் நீங்கள் அதை எதிர்த்து எழுதினீர்கள். நம் ஊர் முன்னேறக் கூடாதா?

முன்னேற வேண்டும் தம்பி. என் மகள் வேலைக்காகத் தினமும் இருட்டில் ஷா ஆலமுக்குக் கிளம்புகிறாள். இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறாள். இங்கேயே வேலை இருந்தால் எனக்குத்தான் முதல் சந்தோஷம். வீடு வேண்டாம் என்று நான் எழுதவில்லை. குட்டையின் மேல் வேண்டாம் என்று எழுதினேன்.

அவை சும்மா கிடக்கவில்லை. 2014-இல் அணை இறங்கிக்கொண்டே போனபோது இந்தக் குட்டைகளிலிருந்துதான் பம்பு வைத்து ஆற்றுக்குள் இறைத்தார்கள். ராத்திரி ஷிப்டில் அந்த பம்புச் சத்தம் காதில் விழும்போது எனக்கு நிம்மதியாக இருக்கும். சத்தம் நின்றால்தான் எழுந்து பார்ப்பேன். பின்னால் அதையே முறையான திட்டமாக்கி ஹோராஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆறு பெருகும் நாளில் மிஞ்சும் நீரைக் குட்டைக்குள் ஏற்றி வைப்பது, ஆறு இளைக்கும் நாளில் திரும்பக் கொடுப்பது, அவ்வளவுதான். புதிதாக ஒரு அணை கட்டப் பள்ளத்தாக்கை மூழ்கடிக்க வேண்டியதில்லை. கோல குபு பாரு அணைக்காக கெராச்சி, பெரெத்தாக் என்ற இரண்டு பூர்வகுடிக் கிராமங்கள் இடம்பெயர்ந்தன. தோட்டத்தை விட்டு எழுப்பப்பட்ட நமக்கு அது என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஈயக்குட்டையில் கன உலோகம் இருக்கும், அதைப் போய்க் குடிப்பதா என்று அப்போது பலர் கேட்டார்கள். சரியான கேள்வி. அதனால்தான் நீரை அடிக்கடி சோதித்து, முடிவை ஊருக்குச் சொல்ல வேண்டும். குட்டைக் கரையில் குப்பை கொட்டுவதையும் மணல் அள்ளுவதையும் நிறுத்த வேண்டும். நிரப்பிவிட்டால் அழுக்கு போய்விடாது, வீட்டுக்கு அடியில் இருக்கும். நீரைப் பிடித்து வைக்க இருந்த இடம் மட்டும் போய்விடும்.

சொந்த அனுபவம் ஒன்று. எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. அம்மா பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடுவதற்கு முன்னால், விடியாத நேரத்தில், அரிக்கன் விளக்கு வைத்துக்கொண்டு ஆறு வாளி இறைத்துவிட்டுத்தான் பால் வெட்டப் போவார். 1998 வறட்சியில் உலு லங்காட் பக்கம் பங்கீடு வந்தபோது, பலகோங்கில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை கைக்குழந்தையோடும் இரண்டு மூட்டைத் துணியோடும் பஸ் ஏறி இங்கே வந்தாள். மூன்று வாரம் அந்தக் கிணற்றடியில்தான் துணி துவைத்தாள். அப்புறம் தோட்டம் கைமாறியது. லயத்தை இடித்தார்கள். கிணற்றை ஒரே மத்தியானத்தில் மூன்று லோரி மண் கொட்டி மூடினார்கள். நான் வேலை முடிந்து வந்து பார்க்கும்போது மேலே கூட்டியும் விட்டிருந்தார்கள். 2014-இல் தங்கை போன் செய்து முதலில் கேட்டது, "அண்ணே, நம்ம கெணறு இருக்கா?" என்றுதான்.

தம்பி, வயதாகி வெட்டிச் சாய்த்த செம்பனை நிலம் மேட்டில் நிறைய இருக்கிறது. தாமான் அங்கே வரட்டும். நானும் உங்களோடு மாவட்ட மன்றத்துக்கு வந்து அதற்காகப் பேசுகிறேன்.

வாசகர், கிள்ளான்: என் மனைவியின் அக்கா சென்னையில் இருக்கிறார். 2019-இல் ரயிலில் தண்ணீர் வந்ததாகச் சொன்னார். இவ்வளவு மழை பெய்யும் மலேசியாவில் அப்படி ஒரு நிலை வருமா?

வந்திருக்கிறது. 1991-இல் மலாக்காவில் துரியான் துங்கால் அணை வற்றி, மாநிலமே பங்கீட்டுத் தண்ணீரில் காலம் தள்ளியது.

சென்னையில் நடந்ததை நான் கவனமாகப் படித்தேன். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் கிட்டத்தட்டக் காய்ந்துவிட்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன் கொண்ட ரயில் 25 லட்சம் லிட்டர் நீரோடு வில்லிவாக்கத்துக்கு வந்தது. அவ்வளவு பெரிய நகரத்துக்கு ஒரு ரயில் எந்த மூலைக்கு? ஆனால் அதே நகரம் 2015 டிசம்பரில் கழுத்தளவு வெள்ளத்தில் நின்றது. நான்கே ஆண்டு இடைவெளி. ஏரியும் பள்ளிக்கரணைச் சதுப்பும் சுருங்கிக் கட்டடமான இடத்தில், வந்த மழையும் தங்கவில்லை, வராத மழைக்குச் சேமிப்பும் இல்லை. அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. நமக்கு 2,500 வரை. இந்தக் கணக்கைப் பார்த்து நாம் தைரியமாக இருப்பதுதான் எனக்குக் கவலை. மேற்குக் கரையில் ஜூன், ஜூலை, பிறகு பிப்ரவரி என்று வறண்ட மாதங்கள் இருக்கின்றன. எல் நினோ வந்தால் அவை நீளும்.

சென்னை 2003 வாக்கில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் 1998 வறட்சிக்கு அடுத்த ஆண்டே வீடமைப்பு அமைச்சு அதற்கு வழிகாட்டி வெளியிட்டது. நம் தாமான்களில் எத்தனை வீட்டில் அந்தத் தொட்டியைப் பார்க்கிறீர்கள்? கணக்கு மிகச் சுலபம்: ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர். வீட்டுப் பின்கூரை 50 சதுர மீட்டர், ஒரு சாயங்கால மழை 20 மில்லிமீட்டர் என்றால் 1,000 லிட்டர். சிதறுவது போக 800 நிற்கும். புக்கிட் ரோத்தான் அம்மாவுக்கும் இதுதான் பதில்: உங்கள் மழை அணைக்குப் போகாது, ஆனால் உங்கள் தோம்புக்கு வரும். முதல் பத்து நிமிட நீரைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அப்புறம் பிடியுங்கள். செடிக்கும் தரைக்கும் கழிவறைக்கும் போதும், குடிக்க வேண்டாம்.

வாசகர், பத்துமலை: பகாங்கிலிருந்துதான் தண்ணீர் வருகிறதே, இன்னும் ஏன் கவலை?

தீத்திவங்சா மலைக்கு அடியில் 44.6 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து கொண்டு வருகிறார்கள். பெரிய வேலை, வரவேற்கிறேன். ஆனால் நாடு முழுவதும் சுத்தம் செய்து அனுப்பும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், உடைந்த குழாயிலும் திருட்டு இணைப்பிலும் பழுதான மீட்டரிலும் கணக்கில் வராமல் போகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் கலந்து, மண் படிய வைத்து, வடிகட்டி, குளோரின் போட்டு அனுப்பிய தண்ணீர் ரோட்டோரத்தில் கொப்பளித்து ஓடுவதைப் பார்த்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. உங்கள் தெருவில் பார்த்தால் அன்றைக்கே புகார் கொடுங்கள். மறுநாள் என்று விடாதீர்கள்.

தோட்டத் தொழிலாளி, ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்: நாங்கள் இன்னும் லயத்தில்தான் இருக்கிறோம். மழை இல்லை என்று சொல்லி நிர்வாகம் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் குழாய் திறக்கிறது. மானேஜர் பங்களாவில் புல்லுக்குத் தண்ணீர் ஓடுகிறது. கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஐயா, இது சலுகை இல்லை, உங்கள் உரிமை. 1990-ஆம் ஆண்டு வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம், அதாவது 446-ஆவது சட்டம், தோட்டத்தில் தொழிலாளிக்குத் தரும் வீட்டுக்கு இலவசமாகவும் போதுமான அளவிலும் குழாய் நீர் தர வேண்டும் என்கிறது. எந்த நாள், எத்தனை மணிக்குத் திறந்தார்கள், எப்போது அடைத்தார்கள், எத்தனை குடும்பம் என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். தனியாகப் போகாமல் நான்கைந்து பேராகச் சேர்ந்து, தொழிற்சங்கத்தில் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு, தொழிலாளர் அலுவலகத்துக்குப் போங்கள். கடிதம் மலாயில் எழுத வேண்டும் என்றால் எனக்கு அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன். உங்கள் பெயர் இந்தப் பக்கத்தில் வராது.

ஐந்தாம் ஆண்டு மாணவி, தமிழ்ப்பள்ளி, கோல சிலாங்கூர்: தாத்தா, அறிவியல் பாடத்துக்கு மழையை அளக்க வேண்டும். கருவி வாங்கக் காசு இல்லை. எப்படிச் செய்வது?

கண்ணு, வாங்கவே வேண்டாம். மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்கும் பிஸ்கட் டின் அல்லது மைலோ டின் ஒன்று எடுத்துக்கொள். மரம், கூரை, கம்பி எதுவும் மேலே இல்லாத இடத்தில் வை. காற்றில் விழாமல் இரண்டு பக்கமும் செங்கல் அண்டக் கொடு. தினமும் காலை 8 மணிக்கு உள்ளே ரூலரை நேராக நிறுத்தி, எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று பார். ரூலரில் பூச்சியம் நுனியிலிருந்து ஆரம்பிக்காவிட்டால் அந்த இடைவெளியையும் சேர்த்துக்கொள். எழுதிவிட்டுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடு, டின்னில் விட்டுவைக்காதே. மழை பெய்யாத நாளிலும் பூச்சியம் என்று எழுத வேண்டும், அதுதான் முக்கியம்.

கோல குபு பாரு பக்கம் தமிழ்ப்பள்ளி மாணவர் யாராவது இதே மாதிரி அளந்தால் எனக்கு அனுப்பட்டும். இரண்டு ஊர்க் கணக்கையும் அடுத்த மாதம் இந்தப் பக்கத்தில் அருகருகே போடுகிறேன்.