பத்து நாளில் மாத்திரையை நிறுத்தலாமா?

அன்புள்ள ஐயா,

முக்கூடல் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அம்மாவுக்கு 49 வயது. சிறுமியாக இருந்தபோதே பீடி சுற்றத் தொடங்கியவர். நான்கைந்து மாதமாக ஆளே மாறிவிட்டார். விடியக்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடக்கிறார். சாப்பாடு இறங்கவில்லை. தலைக்குள் எரிகிறது, உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல் வலிக்கிறது என்கிறார். சுளகை மடியில் வைத்து ஓர் இலையைக் கத்தரிப்பார். அதைக் கையில் பிடித்தபடியே அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். நனைத்து ஈரத்துணியில் சுற்றிவைத்த இலை பூஞ்சணம் பூத்துப்போய்க் கிடக்கிறது. ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் இல்லை. கடைசியில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மனச்சோர்வு என்று சொல்லி எஸ்சிட்டலோபிராம் மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாளாகிறது, வயிற்றைப் புரட்டுகிறதே தவிர ஒரு மாற்றமும் இல்லை. "அது தூக்க மாத்திரை, பழகினால் விடாது, உன் அம்மாவைக் கோட்டியாக்கிவிடாதே" என்று பெரியம்மா சண்டை போடுகிறார். கோயிலில் குறி கேட்க வேண்டுமாம். எனக்குக் கோயம்புத்தூரில் வேலை. லீவு முடியப்போகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு, பேசியே அம்மாவைச் சரிசெய்ய முடியாதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள தங்கைக்கு,

நிறுத்தாதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசுவோம். இந்த மாத்திரை பலன் காட்ட இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை ஆகும். வயிற்றுப் புரட்டலும் தலைவலியும் முதல் நாட்களிலேயே வரலாம். மனம் தெளிவது மெதுவாகத்தான் வரும். நம் ஊரில் இந்த மாத்திரையை எத்தனையோ பேர் குப்பையில் போடுவது நீங்கள் இப்போது நிற்கும் இதே பத்தாம் நாளில்தான். சாப்பிட்டபின் கொடுத்துப் பாருங்கள், புரட்டல் குறையும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். மாற்றுவதற்கு மருந்துகள் இருக்கின்றன.

நான் மருத்துவன் இல்லை. இந்த நோயைக் கிட்ட இருந்து பார்த்தவன், அதைப் பற்றித் தேடிப் படித்தவன் என்ற அளவில் எழுதுகிறேன்.

கத்தரித்த இலையைக் கையில் பிடித்தபடி அரைமணி நேரம் அம்மா உட்கார்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் பலமுறை படித்தேன். ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றிப் பழகிய கை அது. யோசிக்காமலே ஓடிய கை. அது நின்றுபோனதைச் சோம்பல் என்றோ, மனசு வைக்கவில்லை என்றோ யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வருத்தம் நம் எல்லோருக்கும் வரும். நல்ல செய்தி ஒன்று வந்தால் சற்று விலகும். மனச்சோர்வு அப்படி விலகுவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேலாக, ஏறக்குறைய நாள் முழுக்க மனம் இருண்டு கிடப்பது, எதிலும் நாட்டம் அற்றுப்போவது, அதோடு தூக்கம், பசி, தெம்பு, கவனம் எல்லாம் குலைவது, தன்னால் எல்லோருக்கும் பாரம் என்று தோன்றுவது. இவற்றைக் கணக்கில் எடுத்துத்தான் மருத்துவர்கள் இந்த முடிவுக்கு வருகிறார்கள். விடியலுக்கு முன்பே விழிப்புத் தட்டுவதும் அதன் பழைய அடையாளம். நம் பக்கத்துப் பெண்கள் "மனசு சரியில்லை" என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்; தலை எரிகிறது, மேல் வலிக்கிறது என்பார்கள். அந்த வலி பொய்யில்லை. ஸ்கேனில் தெரியாது, அவ்வளவுதான். ஒன்றைமட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்: ரத்தப் பரிசோதனையில் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தார்களா? அவை குறைந்தாலும் இதே சோர்வு வரும்.

பெரியம்மாவின் பயத்துக்கு வருகிறேன். இது தூக்க மாத்திரை இல்லை. தூக்க மாத்திரைகளில் சில பழகிப்போகும் என்பது உண்மை. அந்த உண்மையை இதன்மேல் ஏற்றிப் பேசுகிறார்கள். எஸ்சிட்டலோபிராமுக்கு அப்படி ஏங்கவைக்கும் குணம் கிடையாது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு, எரிச்சல் வரலாம். அதனால்தான் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். அம்மா நன்றாகிவிட்ட பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். "அதுதான் சரியாகிவிட்டதே" என்று அப்போது நிறுத்தினால் நோய் திரும்பிவரலாம். மூளையில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் குறைந்தது, மாத்திரை அதை நிரப்புகிறது என்று எளிமையாகச் சொல்வதுண்டு. அது முழுக் கதை இல்லை. மாத்திரை செரோட்டோனினில் வேலையைச் சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. மனம் தேற ஏன் வாரக்கணக்கில் ஆகிறது என்பது இன்னும் ஆராயப்படுகிறது.

பேசியே சரிசெய்ய முடியாதா என்று கேட்டீர்கள். லேசான மனச்சோர்வுக்கு முறையான பேச்சுச் சிகிச்சை மட்டுமே பெரும்பாலும் போதும். அம்மாவுக்கு இருப்பதுபோல் சாப்பாடும் தூக்கமும் போய்விட்ட நிலையில் இரண்டும் சேர்ந்தால் நல்லது. ஆனால் "தைரியமாக இரு, உனக்கு என்ன குறை" என்று சொல்வது பேச்சுச் சிகிச்சை இல்லை. குற்ற உணர்வில் ஏற்கெனவே புதைந்திருப்பவரை அது இன்னும் அழுத்தும். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் செய்த ஆய்வு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் அச்சானது. மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு அமர்வுகள் உட்கார வைத்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களில் அதிகம் பேர் தேறினார்கள். அதன் மையம் மிக எளியது: மனம் சரியானபின் வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்ன வேலையிலிருந்து மனத்தை இழுத்துவருவது. உங்கள் வீட்டில் அது இப்படி இருக்கலாம். ஆயிரம் பீடியை மறந்துவிடுங்கள். காலையில் பத்து பீடி, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இலை கத்தரித்துக் கொடுக்க. வெயிலுக்கு முன்னால் ஆற்றங்கரை வரை ஒரு நடை. பத்து சுற்ற முடியாத நாளில் ஐந்து. கடையில் கணக்குக் குறைகிறதே என்ற பேச்சு அம்மா காதில் இப்போது விழ வேண்டாம்.

கேட்கத் தயங்கும் ஒன்றையும் கேட்டுவிடுங்கள்: "அம்மா, செத்துப்போகலாம் போல் இருக்கிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, உள்ளே இருந்தால் வெளியே வர வழி கிடைக்கும். மருந்து தொடங்கிய வாரங்களில் மனம் தெளியுமுன் உடம்பில் தெம்பு வந்து, அந்த எண்ணத்தைச் செயலாக்கிவிடலாம் என்பதால் இப்போது துணை அவசியம். வீட்டில் வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். அம்மா ஆம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நள்ளிரவானாலும் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மாறாக, அம்மா திடீரென்று தூக்கமே இல்லாமல் அளவுமீறிய உற்சாகத்தோடு ஓயாமல் பேசத் தொடங்கினாலும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அது வேறு வகை நோயின் அறிகுறியாக இருக்கலாம், அதற்கு மருந்தும் வேறு.

தலையில் மின்சார ஷாக் வைத்துவிடுவார்கள் என்றும் யாராவது பயமுறுத்துவார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத, அல்லது உயிருக்கே ஆபத்தான நிலையில் பயன்படும் சிகிச்சை அது. மயக்க மருந்து இல்லாமல் கொடுப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடைசெய்திருக்கிறது. அம்மாவுக்கு இப்போது அந்தப் பேச்சே இல்லை.

குறி கேட்பதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை, மருந்தை நிறுத்தாதவரை. ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவை நம்பிக் கொண்டுவிடப்பட்டு, சங்கிலியில் கட்டிப்போடப்பட்ட மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். மருந்து இல்லாமல் நம்பிக்கையின் பேரால் மனிதர்களை எங்கோ கொண்டுபோய் விட்டதன் முடிவு அது. அதே ஏர்வாடியில் பின்னர் தர்காவை ஒட்டியே மருந்தும் துவா என்ற வேண்டுதலும் சேர்ந்து நடக்க அரசு ஏற்பாடு செய்தது. உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்கட்டும். பெரியம்மா திருநீறு பூசட்டும், கோயில் கொடை விழாவுக்குக் கூட்டிப்போகட்டும். அம்மா நன்றாக வேண்டும் என்ற தவிப்பில்தான் அவரும் சண்டை போடுகிறார். பட்டினி விரதம், அடி, தனியே விட்டுவிட்டு வருவது ஆகியவை மட்டும் கூடவே கூடாது.

நீங்கள் கோயம்புத்தூர் போனபின் மாத்திரையை எடுத்துக் கொடுக்கப்போகிறவரும் பெரியம்மாதான். ஆகவே லீவு முடிவதற்குள் அம்மாவோடு அவரையும் ஹைகிரவுண்டுக்குக் கூட்டிப்போங்கள். பழகிவிடுமா, எத்தனை மாதம், எப்போது குறைப்பீர்கள் என்று அவர் வாயாலேயே மருத்துவரிடம் கேட்கட்டும். கூட்டத்தில் கேள்வி மறந்துபோகும், ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாத மாத்திரைக்குக் கேளுங்கள், அங்கே இலவசம்தான். ஆறாவது வாரம் முடிந்ததும் அம்மா எப்படி இருக்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.